சான்றிதழில் இல்லாத காரணம், பில்லில் வராத செலவு

நுண்துகள் மாசால் இறந்தார் என்று இறப்புச் சான்றிதழில் யாரும் எழுதுவதில்லை. மாரடைப்பு என்று எழுதுவார்கள், பக்கவாதம் என்று எழுதுவார்கள், நிமோனியா, நுரையீரல் புற்றுநோய் என்று எழுதுவார்கள். எழுதுகிற மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. இந்த ஒருவருடைய மாரடைப்பில் காற்றுக்கு எத்தனை பங்கு என்று பிரித்துக் காட்டும் சோதனை எதுவும் கிடையாது. விதிவிலக்காக ஒரு வழக்கு உண்டு. லண்டனில் 2013இல் கடும் ஆஸ்துமாவால் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அவளுடைய தாய் விடாமல் போராடியதால் மறுவிசாரணை நடந்து, 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி காற்று மாசையும் ஒரு காரணமாகப் பதிவு செய்தார். பிரிட்டனில் அப்படிப் பதிவானது அதுவே முதல் முறை.

இந்த நிலையில்தான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் மட்டும் வெளிப்புறக் காற்று மாசால் 42 லட்சம் பேர் அகாலமாக இறந்தார்கள் என்கிறது. உலக வங்கி அதே ஆண்டுக்கு, வீட்டுக்குள்ளும் வெளியிலும் உள்ள நுண்துகள் செய்த உடல்நலக் கேட்டின் மதிப்பு 8.1 லட்சம் கோடி டாலர் என்கிறது. சான்றிதழும் இல்லை, பில்லும் இல்லை. அப்புறம் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? காற்று மாசு பற்றிய செய்திகளில் இந்த இலக்கங்கள் அடிக்கடி வந்துபோகின்றன. அவற்றை அப்படியே நம்புகிறவர்களும் உண்டு, மிகைப்படுத்தல் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால் இரண்டுமே சரியில்லை என்பது புரியும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். நுண்துகளைக் குறிக்கும் பிஎம் 2.5 என்பது ஒரு வேதிப்பொருளின் பெயர் இல்லை, அளவைக் குறிக்கும் பெயர். ஒரு மில்லிமீட்டரை 400 கூறு போட்டால் ஒரு கூறு 2.5 மைக்ரோமீட்டர். அந்த விட்டமோ அதற்கும் குறைவோ உள்ள எல்லாத் துகளும் இதில் அடக்கம்: கரி, உப்பு, உலோகம், மண், எண்ணெய்ப் பசை எதுவானாலும் சரி. டீசல் வண்டி, நிலக்கரி அனல்மின் நிலையம், செங்கல் சூளை, விறகடுப்பு, அறுவடைக்குப் பின் வயலில் கொளுத்தும் பயிர்த்தாள், காட்டுத்தீ ஆகியவை துகளை நேராகவே கக்குகின்றன. இதைத் தவிர, வாயுவாக வெளியேறிக் காற்றிலேயே துகளாக மாறுவதும் நிறைய. நிலக்கரிப் புகையின் கந்தக டைஆக்சைடு சல்பேட் ஆகிறது. வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரேட் ஆகின்றன. உரம் போட்ட வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் எழும் அம்மோனியா இவற்றோடு சேர்ந்து உப்புத் துகளாகிறது. மழை வந்து கழுவாவிட்டால் இவை பல நாள் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஒரு ஊரின் காற்றைக் கெடுப்பது அந்த ஊர்ப் புகைபோக்கிதான் என்று நினைப்பது பல இடங்களில் பாதிதான் சரி.

இதை அளக்கும் விதம் சுவாரசியமானது. நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் காற்றை உறிஞ்சி, ஒரு சிறிய டெஃப்ளான் வடிதாள் வழியே விடுகிறார்கள். பெரிய தூசி முன்னதாகவே வடிகட்டப்பட்டுவிடும். வெப்பமும் ஈரப்பதமும் மாறாமல் வைத்த அறையில் வடிதாளை ஒரு நாள் கிடத்தி, நிலைமின்னேற்றத்தைப் போக்கி, மைக்ரோகிராம் வரை காட்டும் தராசில் நிறுக்கிறார்கள். காற்றை உறிஞ்சும் முன்னால் நிறுத்த எடையைக் கழித்தால் வருவதுதான் அன்றைய மாசு. அந்த ஒரு நாளில் போன காற்று சுமார் 24 கன மீட்டர். கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் மாசு உள்ள இடத்தில் வைத்திருந்தால், வெள்ளைத் தாள் சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும். அதில் படிந்த மொத்த எடை ஒரு மில்லிகிராம்கூட இருக்காது.

அதே இடத்தில் வாழும் ஒருவர் ஒரு நாளில் இழுக்கும் காற்று சுமார் 11 கன மீட்டர். ஆக, நாளொன்றுக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவு, ஆண்டு முழுக்கச் சேர்த்தால் 160 மில்லிகிராம். ஒரு பாராசிட்டமால் மாத்திரையில் இருக்கும் மருந்தில் மூன்றில் ஒரு பங்கு. அதிலும் ஒரு பகுதி வெளிமூச்சிலேயே திரும்பிப் போய்விடுகிறது. இவ்வளவு கொஞ்சம் எப்படிக் கொல்லும் என்ற சந்தேகம் இயல்பானதுதான். பல பத்தாண்டுகள் மருத்துவ உலகமே அந்தச் சந்தேகத்தில்தான் இருந்தது.

பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியோடு வெளியேற்றிவிடும். நுண்துகள் அந்தக் காவலைத் தாண்டி, ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கும் நுண்ணறைகள் வரை போகிறது. அங்கே இருக்கும் விழுங்கு செல்கள் அதைத் தின்னப் பார்க்கின்றன, செரிக்க முடியாமல் அபாயச் சைகைகளை வெளிவிடுகின்றன. நுரையீரலில் தொடங்கும் அழற்சி ரத்தத்தின் வழியே உடம்பு முழுக்கப் பரவுகிறது. ரத்தக்குழாய்ச் சுவரின் உட்படலம் கெடுகிறது, கொழுப்புப் படிவு வேகமாக வளர்கிறது, ரத்தம் எளிதில் உறையும் தன்மை கூடுகிறது. துகள் நுரையீரலின் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் இதயத் துடிப்பின் ஒழுங்கும் கலைகிறது. மிக நுண்ணியவை ரத்தத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகின்றன. 2019இல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் நஞ்சுக்கொடியில் குழந்தையின் பக்கமாகவே கரித்துகளைக் கண்டார்கள்.

அதனால் காற்று மாசு என்றதும் இருமலையும் மூச்சிரைப்பையும் மட்டும் நினைப்பது கணக்கில் பெரிய பகுதியை விட்டுவிடுவது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 மதிப்பீட்டில், வெளிப்புறக் காற்று மாசு சார்ந்த அகால மரணங்களில் 68 சதவீதம் இதய நோயாலும் பக்கவாதத்தாலும் நேர்ந்தவை. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும், நிமோனியா போன்ற கடுமையான சுவாசத் தொற்றும் தலா 14 சதவீதம். நுரையீரல் புற்றுநோய் 4 சதவீதம். வெளிப்புறக் காற்று மாசைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் அறிவித்தது. 2020க்குப் பிறகு மறதிநோய்க்கான காரணங்களிலும் அதைச் சேர்த்துப் பேசுகிறார்கள்.

இது தெரிய வந்த கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய எல்லா எண்களும் அதன் மேல்தான் நிற்கின்றன. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய புகைமூட்டத்தில் சுமார் 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். அதன் பின்விளைவு அடுத்த மாதங்களிலும் நீண்டதைச் சேர்த்துப் பார்த்த பிந்தைய ஆய்வு, 12,000 வரை போகலாம் என்றது. அங்கே மாசின் அளவு பயங்கரமானது, யாரும் மறுக்க முடியாதது. 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பின் பலரும் பிரச்சினை முடிந்தது என்றே நினைத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் புகை போய்விட்டால் மிச்சம் இருப்பது பெரிதாக ஒன்றும் செய்யாது என்பது அந்தக் காலத்தின் பொதுவான எண்ணம்.

அந்த எண்ணத்தை அசைத்ததில் ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் இருந்த ஓர் உருக்காலை, தொழிலாளர் தகராறால் 1986 ஆகஸ்டில் மூடி 1987 செப்டம்பரில் திறந்தது. அங்கிருந்த பொருளாதாரப் பேராசிரியர் ஆர்டன் போப் மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய காலத்தில், பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகள் மூச்சுக்குழல் அழற்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் சேர்க்கப்பட்டது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தப் பள்ளத்தாக்கில் புகைபிடிப்பவர்கள் மிகக் குறைவு என்பதால் சிகரெட்டின் மேல் பழி போடவும் வழியில்லை.

பிற்பாடு நடந்தது இன்னும் நேர்த்தி. அந்த ஆண்டுகளின் வடிதாள்கள் பத்திரமாக இருந்தன. ஆலை ஓடிய ஆண்டுகளின் தூசியிலிருந்தும் மூடியிருந்த ஆண்டின் தூசியிலிருந்தும் தனித்தனியே சாறு எடுத்து, ஆரோக்கியமான தன்னார்வலர்களின் நுரையீரலில் மிகச் சிறிய அளவில் செலுத்தினார்கள். ஆலை ஓடிய ஆண்டுகளின் சாறு தெளிவான அழற்சியை உண்டாக்கியது. மூடியிருந்த ஆண்டின் சாறு அப்படிச் செய்யவில்லை. புள்ளிவிவரம் சொன்னதை உடம்பே ஒப்புக்கொண்டது என்று சொல்லலாம்.

1993 டிசம்பரில் வந்தது ஆறு நகர ஆய்வு. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஆறு அமெரிக்க ஊர்களில் 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். புகைபிடித்தல், உடல் எடை, படிப்பு, வேலைச் சூழல் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், மிக மாசான ஸ்டூபன்வில் ஊரில் இறப்பு வீதம் மிகச் சுத்தமான போர்ட்டேஜ் ஊரைவிட 26 சதவீதம் அதிகம். இந்த ஸ்டூபன்வில்லின் சராசரி நுண்துகள் அளவு கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராமைக்கூடத் தாண்டவில்லை. இன்று உலகில் பல பெருநகரங்கள் அதைக் கண்டால் பொறாமைப்படும். இரண்டே ஆண்டில், 151 நகரங்களில் ஐந்தரை லட்சம் பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வும் அதே திசையில் பேசியது.

இந்த முடிவுகளின் மேல் 1997இல் அமெரிக்கா முதன்முதலாகப் பிஎம் 2.5க்கு வரம்பு விதித்தபோது தொழில்துறை கொதித்தது. மூல விவரங்களைக் கொடு என்றார்கள். பங்கேற்றவர்களுக்கு ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறோம் என்று ஆய்வாளர்கள் மறுத்தார்கள். கடைசியில் அரசும் மோட்டார் வாகனத் தொழிலும் சேர்ந்து நிதி தரும் ஓர் ஆய்வு நிறுவனத்திடம் மறுகணக்குப் பொறுப்பு போனது. 2000இல் வெளியான அந்த மறுகணக்கு பழைய முடிவையே உறுதி செய்தது. எதிர்த்தரப்பின் பணமும் சேர்ந்து நடத்திய சோதனையில் தேறிய முடிவு என்பதால் எனக்கு இதன் மேல் நம்பிக்கை சற்றுக் கூடுதல். அப்புறம் அந்த ஆறு ஊர்களில் மாசு குறையக் குறைய, இறப்பு வீதமும் கூடவே குறைந்ததை 2006இல் பதிவு செய்தார்கள்.

சரி, இதிலிருந்து 42 லட்சம் எப்படி வருகிறது? கற்பனையாக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 பேர் இறக்கிறார்கள். அந்த ஊரின் காற்றில் நுண்துகள், சுத்தமானது என்று நாம் எடுத்துக்கொண்ட அளவைவிட 10 மைக்ரோகிராம் அதிகம். பல ஆய்வுகளைத் தொகுத்ததில், ஒவ்வொரு 10 மைக்ரோகிராமுக்கும் இறப்பு அபாயம் சுமார் 8 சதவீதம் கூடுகிறது என்று கிடைத்திருக்கிறது. அப்படியானால் நடந்த இறப்புகளில் 108இல் 8 பங்கு, அதாவது சுமார் 740, காற்று சுத்தமாக இருந்திருந்தால் அந்த ஆண்டில் நடந்திருக்காது. ஊர் ஊராக, நாடு நாடாக இதைச் செய்து கூட்டினால் உலகக் கணக்கு வரும். உண்மையில் நோய் வாரியாக, வயது வாரியாகப் பிரித்துச் செய்கிறார்கள். அடிப்படை இவ்வளவுதான்.

அந்த 740 பேர் யார் என்று யாராலும் பட்டியல் போட முடியாது. 740 பேர் பல ஆண்டுகளை இழந்திருக்கலாம், அல்லது இறந்தவர்கள் எல்லாருமே சில மாதங்களை இழந்திருக்கலாம். இந்தக் கணக்கால் அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரு நிறுவனம் 42 லட்சம் என்றும், வேறொன்று வீட்டுப் புகையையும் தரைமட்டக் காற்றில் மாசாக இருக்கும் ஓசோனையும் சேர்த்து 2021க்கு 81 லட்சம் என்றும் சொல்லும்போது, அவற்றைத் தலை எண்ணிய எண்ணிக்கையாகப் படிக்கக் கூடாது. எதைச் சேர்த்தார்கள், எந்த அளவைச் சுத்தம் என்று வைத்தார்கள், மாசு கூடக் கூட அபாயம் எப்படி ஏறுகிறது என்று காட்டும் வளைகோட்டை எப்படி வரைந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆனால் எப்படி வரைந்தாலும் அது லட்சங்களில்தான் நிற்கிறது, ஆயிரங்களுக்கு இறங்குவதில்லை.

அந்த வளைகோட்டின் வடிவம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சிகரெட்டில் உள்ளே போகும் நுண்துகள் சுமார் 12 மில்லிகிராம். நாளுக்கு இருபது பிடித்தால் 240. மாசான ஊரில் காற்றோடு உள்ளே போவது அரை மில்லிகிராம்தான், சில நூறு மடங்கு குறைவு. அபாயமும் அதே விகிதத்தில் குறைந்தால் காற்று மாசைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். நுரையீரல் புற்றுநோயில் அபாயம் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் ஏறுகிறது. இதய நோயில் அப்படி இல்லை. மிகக் குறைந்த அளவிலேயே சட்டென்று ஏறி, பிறகு மெல்ல மெல்லச் சரிவு குறைகிறது. இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் ஊரிலும் இன்னும் குறைப்பதில் பலன் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் ஆண்டுச் சராசரி வரம்பை 10இலிருந்து 5 மைக்ரோகிராமாக இறக்கியதற்குக் காரணம் இதுதான். உலக மக்களில் 99 சதவீதம் பேர் அந்த நிறுவனத்தின் வரம்புகளை மீறிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். இரண்டாவது விஷயம் கசப்பானது. 100இல் இருக்கும் ஊர் படாத பாடு பட்டு 80க்கு வந்தாலும், அந்த உழைப்புக்கு ஏற்ற உடல்நலப் பலன் உடனே கண்ணில் படாது. கணிசமான பலனைப் பார்க்க இன்னும் வெகுதூரம் இறங்க வேண்டும். அரசியல்வாதிக்கு இதைவிடச் சங்கடமான வளைகோடு இருக்க முடியாது.

இனி பணம். இங்கே இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது செய்திகளில் சாதாரணம்.

ஒன்று, இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது. நோயால் வேலைக்குப் போக முடியாதவரின் இழப்பையும் இதோடு சேர்க்கிறார்கள். இது நாட்டு வருமானக் கணக்கோடு நேராக ஒத்துப்போகும். ஆனால் ஓய்வு பெற்ற முதியவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் இந்த அளவுகோல் ஏறக்குறைய பூஜ்யம் போடும். நுண்துகளால் இறப்பவர்களில் முதியவர்களே அதிகம் என்பதால், இந்த வழியில் வரும் தொகை சிறியதாகவே இருக்கும்.

மற்றது, அபாயத்தைக் குறைக்க மக்கள் என்ன கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று பார்ப்பது. ஒரு லட்சம் பேர் வாழும் இடத்தில், ஆண்டுக்கு ஓர் இறப்பைத் தவிர்க்கக்கூடிய திட்டம் ஒன்று வருகிறது. ஆளுக்கு 74 டாலர் தரத் தயார் என்றால், மொத்தம் 74 லட்சம் டாலர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் பயன்படுத்தும் தொகை இதுதான். ‘புள்ளியியல் உயிர் மதிப்பு’ என்று பெயர். பெயரைக் கேட்டால் உயிருக்கு விலைச்சீட்டு ஒட்டுவது போலத் தோன்றும். உண்மையில் அபாயமுள்ள வேலைக்கு எவ்வளவு கூடுதல் கூலி கேட்கிறார்கள் என்பது போன்ற நடத்தையிலிருந்து எடுக்கும் சராசரி இது. ஆனாலும் உரசல் வரத்தான் செய்கிறது. 2003இல் அதே முகமை 70 வயதைத் தாண்டியவர்களின் உயிருக்குக் குறைந்த மதிப்புப் போட்டு ஒரு மாற்றுக் கணக்கைக் காட்ட, ‘முதியோர் தள்ளுபடியா?’ என்று முதியோர் அமைப்புகள் கிளர்ந்தன. முகமை பின்வாங்கியது.

இரண்டு அளவுகோலுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதற்கு இந்தியா நல்ல உதாரணம். 2019இல் காற்று மாசால் நேர்ந்த அகால மரணமும் நோயும் இந்தியாவுக்கு 3,680 கோடி டாலர் உற்பத்தி இழப்பு, அதாவது உள்நாட்டு உற்பத்தியில் 1.36 சதவீதம் என்றது ஓர் ஆய்வு. அது முதல் அளவுகோல். அதே ஆண்டுக்கு உலக வங்கி, இரண்டாவது அளவுகோலை வைத்து, தெற்காசியா முழுமைக்கும் 10.3 சதவீதம் என்றது. இந்தப் பிராந்தியத்தில் பெரும்பகுதி இந்தியாதான். இரண்டு எண்ணும் பொய் இல்லை. முதலாவது, பொருளாதாரம் எவ்வளவு இழந்தது என்று கேட்கிறது. இரண்டாவது, மக்கள் எவ்வளவு இழந்தார்கள் என்று கேட்கிறது. உலக அளவில் 8.1 லட்சம் கோடி டாலர், உலக உற்பத்தியில் 6.1 சதவீதத்துக்குச் சமம் என்று சொல்லும்போது, அந்த ‘சமம்’ முக்கியம். காற்று சுத்தமானால் மறுநாளே உற்பத்தி 6 சதவீதம் ஏறிவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு கட்டுரையில் இப்படி ஒரு சதவீதத்தைக் கண்டால், எந்த அளவுகோல் என்று பார்த்துவிட்டு மேலே படிப்பது நல்லது.

இறப்பு தவிர, பணமாகவே கரையும் இழப்பும் உண்டு. மருத்துவச் செலவும் விடுப்பு நாட்களும் எல்லாருக்கும் தெரிந்தவை. நோயே வராதவர்களின் வேலையும் மந்தமாகிறது என்பதுதான் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. வட கலிபோர்னியாவில் ஒரு கூடத்தில் பேரிக்காய்களைப் பெட்டியில் அடுக்கும் தொழிலாளர்களுக்கு, அடுக்கிய பெட்டிக்குத் தக்கபடி கூலி. ஆகவே ஒவ்வொருவரும் எத்தனை அடுக்கினார்கள் என்ற பதிவு துல்லியமாக இருந்தது. வெளியே நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடிய நாட்களில் கூடத்துக்குள் வேலை சுமார் 6 சதவீதம் குறைந்தது. நாலு சுவருக்குள் இருந்தாலும் நுண்துகள் உள்ளே வந்துவிடும். அதுவும் அன்றைய சட்ட வரம்புக்கு வெகு கீழே இருந்த அளவிலேயே இப்படி. அவர்கள் வேலைக்கு வந்ததும் வேலை செய்த நேரமும் அந்த நாட்களில் பெரிதாக மாறவில்லை.

உடலுழைப்பில் மட்டும்தான் இப்படியா? சீனாவில் ஒரு பயண முன்பதிவு நிறுவனத்தின் அழைப்பு மையங்களில், காற்றுத் தரக் குறியீடு 10 புள்ளி மோசமானால் ஊழியர்கள் எடுக்கும் அழைப்புகள் 0.35 சதவீதம் குறைந்தன. ஒவ்வோர் அழைப்பும் நீளவில்லை, நடுவே எடுத்துக்கொண்ட இடைவேளைதான் கூடியது. ஜெர்மனியில் சதுரங்கப் போட்டி அரங்குகளுக்குள் துகளை அளந்து, ஆட்டங்களைக் கணினியால் சரிபார்த்தபோது, மாசு கூடிய நாட்களில் தவறான நகர்த்தல்கள் கூடின, நேரம் நெருக்கும்போது இன்னும் அதிகமாக. இஸ்ரேலில் பள்ளியிறுதித் தேர்வு நாளில் காற்று கெட்டிருந்தால் மதிப்பெண் குறைந்தது. அந்த மாணவர்கள் வளர்ந்து வாங்கிய சம்பளத்திலும் அதன் தடம் தெரிந்தது. தனித்தனியே பார்த்தால் சில்லறை. ஒரு நாட்டின் எல்லா வேலை நாட்களிலும் பரப்பிப் பார்த்தால் சில்லறை இல்லை. உலக வங்கியின் 8.1 லட்சம் கோடிக்குள் இந்த மந்தம் சேர்க்கப்படவில்லை.

யார் தலையில் விழுகிறது? வெளிப்புறக் காற்று மாசு சார்ந்த அகால மரணங்களில் 89 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். உலகில் இருநூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் இவற்றை எரித்துத்தான் சமைக்கிறார்கள். அந்தப் புகையை அதிகம் குடிப்பது பெண்களும் அவர்களுடைய இடுப்பில் இருக்கும் குழந்தைகளும். கருவில் இருப்பவர்களும் தப்புவதில்லை. 2008 ஒலிம்பிக் போட்டிக்காக பெய்ஜிங் சில வாரங்களுக்கு ஆலைகளையும் வண்டிகளையும் கட்டுப்படுத்தியது. அந்த வாரங்களில் எட்டாம் மாதத்தில் இருந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள், முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் அதே நாட்களில் பிறந்தவர்களைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தார்கள். நல்ல காற்று ஒரு மாதம் கிடைத்ததற்கே இப்படி.

நல்லெண்ணத்தில் செய்ததும் தலையில் விழலாம். சீன அரசு ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள வீடுகளுக்குக் குளிர்காலத்தில் சூடேற்ற நிலக்கரியை இலவசமாகக் கொடுத்தது, தெற்கே கொடுக்கவில்லை. ஆற்றின் இரு கரையையும் ஒப்பிட்ட 2017 ஆய்வு, வடக்கே மக்களின் ஆயுள் சுமார் மூன்று ஆண்டு குறைந்திருப்பதைக் காட்டியது. குளிருக்குக் கொடுத்த உதவி மூச்சில் கழிந்தது.

குறைக்க ஆகும் செலவைப் பார்த்தால்தான் கணக்கு நிறையும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011இல் வெளியிட்ட மதிப்பீட்டில், 1990இன் தூய காற்றுச் சட்டத் திருத்தங்களால் 2020ஆம் ஆண்டில் ஆகும் செலவு 6,500 கோடி டாலர், பலன் 2 லட்சம் கோடி டாலர். அந்தப் பலனில் சுமார் 85 சதவீதம், துகள் குறைந்ததால் தவிர்த்த அகால மரணங்களின் மதிப்பு. இரண்டாவது அளவுகோல் இல்லாவிட்டால் முப்பது மடங்கு என்ற அந்த விகிதம் வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டத்தை எதிர்ப்பவர்கள் எப்போதும் அந்த அளவுகோலையே குறிவைப்பது இதனால்தான். செலவு சில நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் தெளிவான வரியாக விழுகிறது. பலன் கோடிக்கணக்கானவர்களிடம், தங்களுக்குக் கிடைத்தது என்றே தெரியாமல், சிதறிக் கிடக்கிறது. வராத மாரடைப்புக்காக யாரும் தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை.

வேகமாகச் செய்ய முடியும் என்பதற்கு பெய்ஜிங்கே சாட்சி. 2013இல் 89.5 மைக்ரோகிராமாக இருந்த ஆண்டுச் சராசரி 2022இல் 30க்கு வந்தது. நிலக்கரிக் கொதிகலன்களை மூடி, மின் நிலையங்களுக்குக் கடும் வரம்பு வைத்து, ஆலைகளை இடம் மாற்றி, வண்டிகளைக் கட்டுப்படுத்திச் செய்தார்கள். அவ்வளவு கெடுபிடி எல்லா நாட்டிலும் நடக்காது. டப்ளின் 1990இல் செய்தது எளிமையானது. புகை தரும் நிலக்கரியை விற்கக் கூடாது என்றார்கள், காற்றில் கரும்புகை 70 சதவீதம் குறைந்தது. முதல் ஆய்வு இதய நோய் மரணமும் சுவாச நோய் மரணமும் குறைந்ததாகச் சொன்னது. பிறகு நாடு முழுதும் அப்போது நடந்துகொண்டிருந்த பொதுவான முன்னேற்றத்தைக் கழித்துப் பார்த்தபோது, சுவாச நோய்ப் பலன் நின்றது, இதய நோய்ப் பலன் உறுதியாக நிற்கவில்லை. தடை வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு நகரம், ஒரு சட்டம் என்று தனியே எடுத்துப் பார்த்தால் கணக்கு எவ்வளவு வழுக்கும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலர் பேசுவதில்லை. சல்பேட் துகள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி பூமியைச் சற்றே குளிர்விக்கிறது. 2020இல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆக இறக்கியபோது, உயிர்கள் காப்பாற்றப்பட்டன, கூடவே கடல் மேல் இருந்த அந்த மெல்லிய குடையும் சுருங்கியது. இதைச் சொல்லி மாசை வைத்துக்கொள்ளலாம் என்று வாதிடுவது அபத்தம். கரியமில வாயுவையும் சேர்த்தே குறைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். வெப்பம் கூடுவதால் பெருகும் காட்டுத்தீ, சட்டங்கள் முப்பது ஆண்டில் சம்பாதித்துக் கொடுத்த சுத்தத்தை ஏற்கெனவே பல இடங்களில் தின்னத் தொடங்கிவிட்டது.

எதைச் செய்வதானாலும் முதலில் அளக்க வேண்டும், அங்கேதான் மலிவான வேலை மிச்சம் இருக்கிறது. உலகில் பல நாடுகளில் நம்பகமான தரைக் கருவிகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கின்றன, பாக்கியைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து ஊகித்துக்கொள்கிறோம். 2008இல் பெய்ஜிங்கில் உள்ள அமெரிக்கத் தூதரகம் தன் வளாகத்தில் ஒரு கருவி வைத்து மணிக்கு ஒரு முறை அளவை வெளியிடத் தொடங்கியது. அரசு சொன்ன கணக்கும் இதுவும் ஒத்துப்போகாமல் சலசலப்பு எழுந்தது, 2013க்குள் சீனாவே தன் நகரங்களின் பிஎம் 2.5 அளவை வெளியிட ஆரம்பித்தது. பிறகு அமெரிக்கா மற்ற பல நாட்டுத் தூதரகங்களிலும் இதைச் செய்தது. அப்படி வெளியிட்ட நகரங்களில் மாசு 2 முதல் 4 மைக்ரோகிராம் குறைந்ததாக 2022இல் ஓர் ஆய்வு வந்தது. எண்ணை வெளியே சொன்னதைத் தவிர அந்தக் கருவிகள் வேறெதுவும் செய்யவில்லை. 2025 மார்ச்சில் நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அந்த வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள்.